உள்ளூராட்சி ஆராய்ச்சியும் விசுவமடுவும்

இலங்கையின் உள்ளூராட்சி பற்றி எழுந்த ஆராய்ச்சி நூல்கள் தொகையிற் குறைந்தனவல்ல. ஆணைக்குழு அறிக்கைகளும், பல்கலைக்கழக ஆய்வுகளும், பிறநாட்டறிஞர் கட்டுரைகளும் சேர்ந்து ஒரு சிறு நூலகத்தை நிரப்பத்தக்கன. இவற்றுட் பெரும்பாலானவை ஒரே வழியிற் செல்கின்றன. ஆட்சியைப் பல படிகளாகப் பிரித்து, மேற்படியிலே பாராளுமன்றத்தை வைத்து, அதன்கீழ் மாகாணம், மாவட்டம், பிரதேசம், கிராமம் என ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொரு படிக்கும் உரிய சட்டத்தையும் அதிகாரத்தையும் வருவாயையும் கூறி முடிப்பதே அவ்வழி. சட்டத்தை அறிய விரும்பும் மாணவனுக்கு இஃது எளிதான வழிதான். ஆயின், ஓர் ஊரைச் சுட்டி இவ்வூரை ஆள்பவர் யாவர் என்று ஒருவன் வினவினால் அவ்வழி அவனுக்கு விடை தருமா என்பது நோக்கற்பாலது.

சோதித்தற்கு விசுவமடுவை எடுத்துக்கொள்ளலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில் தருமபுரத்தை அடுத்து வருவது இவ்வூர். தருமபுரம் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது; அதன் பிரதேச செயலாளர் பிரிவு கண்டாவளை; பிரதேச சபையோ கரைச்சி. விசுவமடு முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் புதுக்குடியிருப்பு. பாராளுமன்றத் தேர்தல் வரும்போது தருமபுரத்தான் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கின்றான். விசுவமடுவான் மன்னாரானோடும் வவுனியாவானோடும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கின்றான். இவ்வெல்லை முன்னோர் வகுத்த எல்லையுமன்று. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. ஒரு வீதியில் அடுத்தடுத்து வாழ்வோர், ஒரு தலைமுறைக் காலத்தினுள் வரையப்பட்ட கோடொன்றினால், ஆட்சியின் படிகள் பலவற்றில் வேறு வேறு மக்களாயினர். படிகளை மட்டும் எண்ணும் ஆராய்ச்சிக்கு இஃது ஒரு வரைபடக் குறிப்பே. ஊரவனுக்கோ எந்தப் பேருந்தில் ஏறி எந்தக் கச்சேரிக்குப் போவது என்னும் நாளாந்தப் பிரச்சினை.

படிவழி ஆராய்ச்சியின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கணேசலிங்கம் 1971இல் வெளியிட்ட ஆங்கில நூலைக் கூறலாம். 1865 முதல் 1965 வரையுள்ள நூறாண்டு உள்ளூராட்சி வரலாறு அதன் பொருள். சட்டங்களையும் மன்றங்களையும் காலமுறையிலே தொகுத்த அவ்வுழைப்புக்குப் பின்வந்தோர் அனைவரும் கடமைப்பட்டவர். எனினும் அந்நூறாண்டு என்னும் கணக்கே ஆராயத்தக்கது. 1865 மாநகர சபைக் கட்டளைச் சட்டம் பிறந்த ஆண்டு. கொழும்பும் கண்டியும் தம் வீதிக்கும் விளக்குக்கும் வரி விதித்துக்கொள்ள உரிமை பெற்றதையே உள்ளூராட்சியின் தொடக்கம் எனக் கொள்வது, நகரத்தின் பிறந்தநாளை நாட்டின் பிறந்தநாளாக்குவது போன்றது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், குளத்து நீரையும் வயல் வழக்கங்களையும் பற்றிக் கமக்காரர் கூடி முடிவுசெய்ய இடமளித்தது. பின்னர் 1871இல் வந்த கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டமும் அவ்வழியைத் தொடர்ந்ததே. நகரத்தில் உள்ளூராட்சி வரியிலிருந்து பிறந்தது. நாட்டுப்புறத்தில் அது நீரிலிருந்து பிறந்தது. இவ்வேறுபாட்டை 1865இலே தொடங்கும் வரலாறு மறைத்துவிடுகின்றது. வீதி, விளக்கு, வடிகால் ஆகியவற்றையே உள்ளூராட்சியின் இயல்பான பொருள்களாகவும், நீரையும் நிலத்தையும் வேறு திணைக்களங்களின் பொருள்களாகவும் கருதும் பழக்கம் பின்வந்த நூல்கள் பலவற்றிலும் ஊறிவிட்டது.

விசுவமடுவின் தோற்றத்தை நோக்குவோர்க்கு இக்குறை உடனே புலப்படும். இன்றுள்ள விசுவமடு குளத்தையும் கோயிலையும் சுற்றித் தானாக வளர்ந்த பழைய ஊரன்று. 1960களின் நடுப்பகுதியில் அரசாங்கம் தொடங்கிய படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் ஒன்றாக அது உருவாயிற்று. காடு வெட்டப்பட்டது, காணி அளக்கப்பட்டது, இயந்திரத்தால் நீர் ஏற்றி மேட்டுநிலத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட வழி செய்யப்பட்டது, அதன் பின்னரே மனிதர் வந்தனர். க.பொ.த. சோதனை எழுதிவிட்டு எழுதுவினைஞர் வேலைக்குக் காத்திருந்த இளைஞர் மண்வெட்டி பிடித்த காட்சி அக்காலப் பேச்சுக்குப் பெரும் பொருளாயிருந்தது. எட்மண்ட் லீச் 1961இல் வெளியிட்ட புல் எலிய பற்றிய நூல் குளமும் வயல் வரம்பும் ஒரு பழைய ஊரின் உறவுமுறையை எவ்வாறு கட்டிவைத்திருந்தன என்பதைக் காட்டிற்று. சபையிலிருந்து தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்கியமையால் அந்நூல், உள்ளூராட்சி பற்றியது அன்றாயினும், உள்ளூராட்சி நூல்கள் பலவற்றினும் கூடுதலாக ஊராட்சியைக் கூறுகின்றது. ஆயினும் புல் எலியவின் முறையை விசுவமடுவுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஆங்கே வழக்கம் முன்னது, அரசின் அளவை பின்னது. ஈண்டோ அரசின் அளவை முன்னது. வழக்கம் அதன்மேல் மெல்ல மெல்ல முளைத்தது.

ஆகவே விசுவமடுவின் ஆட்சியை அறிய விரும்புவோன் முதலிற் புரட்டவேண்டிய ஏடு காணி உத்தரவுப்பத்திரம். ஊரார் அதனைப் ‘பேமிட்’ என்பர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இப்பத்திரம் வெறும் உரிமைச் சான்றன்று. அது ஓர் ஆட்சிமுறை. பத்திரம் பெற்றவன் தன் காணியை நினைத்தவாறு விற்கவோ ஈடுவைக்கவோ துண்டாடவோ முடியாது. நிபந்தனை மீறினால் அது நீக்கப்படலாம். தனக்குப் பின் அதனைப் பெறுபவர் யாவர் என்பதைப் பதிவுசெய்தல் வேண்டும். பதியாமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். அவ்வட்டவணையோ மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அவ்வேறுபாட்டை நீக்கியது. தேசவழமையும் சீதனமும் மகளுக்கு நிலம் கொடுத்துப் பழகிய ஒரு சமுதாயத்தார், காணியை மகனுக்கு முதலில் எழுதும் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். ஒரு குடும்பத்தின் சோற்றுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் வந்து நின்ற அதிகாரம் இது. வடிகால் வெட்டும் சபைக்கு இத்தகைய அதிகாரம் ஒருநாளும் இருந்ததில்லை. ஆயினும் உள்ளூராட்சி நூல்களின் பொருளடக்கத்தில் வடிகாலுக்கு இடமுண்டு, உத்தரவுப்பத்திரத்துக்கு இல்லை.

குடியேற்றங்களை ஆராய்ந்த பி. எச். ஃபார்மர் இதனை அறியாதவர் அல்லர். கேம்பிரிட்ஜ் புவியியலாளராகிய அவர் 1957இல் வெளியிட்ட நூல் உலர்வலயக் குடியேற்றங்கள் பற்றி இன்றும் முதலிற் படிக்கத்தக்கது. குடியேற்றவாசிக்கு வீடு கட்டி, காடு வெட்டி, கிணறு தோண்டிக் கொடுத்த அரசு, அவனைத் தந்தை பிள்ளையை நடத்துவதுபோல் நடத்தியதை அவர் தயக்கமின்றிக் குறைகூறினார். ஆனால் அவர் அதனைச் செலவுக் குறையாகவும் மனப்பான்மைக் குறையாகவுமே கண்டார். ஆட்சியின் அமைப்பாகக் கண்டிலர். தந்தையை மாற்றும் உரிமை பிள்ளைக்கு உண்டா என்பதே அரசியல் வினா. அவ்வினா அவர் நூலின் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது.

ஆராய்ச்சியாளர் பிரித்துவைத்ததை அரசியல்வாதிகள் பிரித்துவைக்கவில்லை என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1957 ஜூலையில் ஒப்பமிடப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, பிரதேச சபைகளுக்குக் குடியேற்றத் திட்டங்களிற் காணிபெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரமும் அத்திட்டங்களில் வேலை செய்வோரைத் தெரியும் அதிகாரமும் இருத்தல் வேண்டும் என்றது. 1965 மார்ச்சில் எழுந்த டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கை வடக்குக் கிழக்குக் காணிகள் எவ்வரிசையில் யாருக்கு வழங்கப்படுதல் வேண்டும் என்று வகுத்தது. முன்னது கிழித்தெறியப்பட்டது, பின்னதன் மாவட்ட சபை மசோதா 1968இற் கைவிடப்பட்டது. எனினும், யாருக்குக் காணி கொடுப்பது என்பதே உள்ளூராட்சியின் உயிர்நிலை என்பதை அவ்விரு பத்திரங்களும் உணர்ந்திருந்தன. விசுவமடுத் திட்டம் இரண்டாம் உடன்படிக்கையின் காலத்திலேயே எழுந்தது. இனப்பிரச்சினை பற்றிய நூல்கள் இவ்வுடன்படிக்கைகளை விரிவாகக் கூறும். உள்ளூராட்சி பற்றிய நூல்கள் அடிக்குறிப்பிற் கூறும். இரு நூலகங்களும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

திரெசி லீற்றன் 1979இல் வெளியிட்ட நூல் இவ்வரிசையில் ஒரு முன்னேற்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையும் கச்சேரியை மையமாகக்கொண்ட பரவலாக்கிய நிருவாகத்தையும் அவர் ஒரே நூலில் அருகருகே வைத்து ஆராய்ந்தார். மன்றம் ஒன்று கூறும், அரசாங்க அதிபர் வேறொன்று செய்வார். பணமும் ஆளும் பின்னவர் பக்கமே என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. 1973இல் நியமிக்கப்பட்ட மாவட்ட அரசியல் அதிகாரி, 1974இல் வந்த பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு ஆகியன பாராளுமன்ற உறுப்பினரைக் கச்சேரியினுள்ளேயே கொண்டுவந்து அமர்த்தின. ஆயினும் இரு கயிறுகளைக் கண்ட கண் மூன்றாவது கயிற்றைக் காணவில்லை. சபை ஒரு கயிறு, கச்சேரி ஒரு கயிறு, திணைக்களம் மூன்றாவது. நீரை எடுத்துக்கொண்டாலே போதும். சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் கமக்காரர் அமைப்பின் கையில் இருக்கும். நடுத்தரக் குளம் 1987இன் பின் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேரும். மாகாண எல்லை கடக்கும் ஆறு கொழும்பைச் சேரும். ஒரே மழையில் நிரம்பும் மூன்று நீர்நிலைகளுக்கு மூன்று அரசுகள். பிரதேச சபைக்கு இவற்றுள் ஒன்றிலும் இடமில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதற்குக் கொடுத்தவை பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, பொதுவீதி ஆகியனவே.

விலையின் ஆட்சி இவற்றினும் சேய்மையில் உள்ளது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னிக் கமக்காரன் கை நிறையப் பணம் கண்டான். 1977இன் பின் வாயில் திறக்கப்பட்டதும் அப்பணம் மெலிந்தது. அவனுடைய வாழ்க்கையை இவ்வளவு விரைவாக மாற்றிய முடிவு எந்தக் கிராமச் சபையிலும் விவாதிக்கப்பட்டதன்று. மிக் மூர் 1985இல் வெளியிட்ட நூல், இலங்கையின் சிறு கமக்காரர் தொகையிற் பெரியராயிருந்தும் விளைபொருள் விலையை முன்வைத்து அரசியலில் ஏன் திரளவில்லை என்று கேட்கின்றது. நல்ல வினா, அவர் அதற்குத் தேடிய காரணங்களுள் அரசு நிலம் பங்கிட்டுவந்த முறையும் ஒன்று. விசுவமடுவை மனத்திற்கொண்டு அவ்விடையைப் படித்தால் அது மேலும் கூர்மையடைகின்றது. காணியே அரசின் உத்தரவில் தங்கியிருப்பவன், அவ்வரசிடம் விலை கேட்டுக் குரலெழுப்ப எவ்வளவு துணிவான்?

படிகளை ஆராய்வதே தவறு என்பது இதன் கருத்தன்று. எவ். ஜி. பெயிலி 1963இல் வெளியிட்ட ஒரிசா பற்றிய நூலும் ஊர், தொகுதி, மாநிலம் என மூன்று படிகளாகவே அமைந்தது. ஆனால் அவர் படியை ஆராய்ந்ததோடு நில்லாது படிகளுக்கிடையில் ஏறியிறங்கும் மனிதனையும் ஆராய்ந்தார். ஊராருக்கு அலுவலகத்தின் மொழியையும் அலுவலகத்துக்கு ஊராரின் மொழியையும் பெயர்த்துச் சொல்லி, இரு பக்கமும் சிறிது ஐயத்துக்குரியவனாய் வாழும் தரகன் அவன். வன்னியிலும் அவன் இல்லாமலில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவராக, கூட்டுறவுச் சங்க முகாமையாளராக, உத்தரவுப்பத்திர விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஆசிரியராக அவனைக் காணலாம். இலங்கை உள்ளூராட்சி நூல்களில் அவனுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கப்படாதது வியப்பே.

இன்னொரு கூட்டத்தார் அந்நூல்களில் முழுதும் மறைந்துபோயினர். மலையகத் தோட்டங்களிலிருந்து 1958, 1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களால் துரத்தப்பட்டும், 1970களின் பஞ்சத்தால் தள்ளப்பட்டும் வன்னிக்கு வந்து காடு வெட்டி வாழ்ந்தவர் அவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பலரை வாக்கற்றவராக்கியிருந்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து தொடங்கும் ஆய்வு அவரைக் காணாது. உத்தரவுப்பத்திரத்திலிருந்து தொடங்குவது, அத்துமீறிக் குடியேறியோர் என்னும் பட்டியலிலாவது காணும். பிறர் காணியிற் கூலிக்கு மிளகாய் பறித்த அவருக்கும் ஓர் ஆட்சி இருந்தது. அதன் பெயர் கிராம சேவகரின் கடிதம். அக்கடிதமின்றிப் பங்கீட்டு அட்டையும் இல்லை. பிள்ளையின் பள்ளிச் சேர்வும் எளிதன்று.

1990இன் பின் விசுவமடு தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட நிலப்பரப்பில் இருந்தது. இக்காலம் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு வாதம் புகழ்பெற்றது. ஒஸ்லோ பல்கலைக்கழகப் புவியியலாளர் கிறிஸ்தியன் ஸ்ரொக்கே 2006இல் எழுதிய கட்டுரை, அந்நிலப்பரப்பில் காவற்றுறை, நீதிமன்றம், வரி முதலியவற்றையுடைய ஓர் அரசு உருவாகிவருவதாகக் கூறியது. அதன் அதிகாரக் குவிப்பையும் அது சுட்டாமல் விடவில்லை. அடுத்த ஆண்டே பொருளியலாளர் முத்துகிருஷ்ண சர்வானந்தன் அதே ஏட்டில் மறுப்பெழுதி, அவ்வரசு ஒரு கற்பனை என்றார். ஆசிரியரும் வைத்தியரும் அரசாங்க அதிபரும் கொழும்பிலிருந்தே சம்பளம் பெற்றனர் என்பது யாவரும் அறிந்த உண்மை. இரு கட்டுரைகளும் கற்கத்தக்கன. ஆனால் இரண்டும் ஒரே வினாவை வேறு வேறு விடைகளோடு கேட்டன: இஃது அரசா, அன்றா? ஊரவன் அவ்வினாவைக் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் எவ்விடத்து, காணி வழக்கு எவ்விடத்து, வரி யாருக்கு, பிள்ளைக்குப் பாஸ் எவ்விடத்து என்பதே அவன் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் வேறு வாயில். இரு ஆட்சிகளும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற அவ்வமைப்பை, ‘ஆம்’ ‘இல்லை’ என்னும் இரு சொற்களால் அளக்க முயன்றமையே வாதத்தின் குறை. பார்ட் கிளெம் 2012இல் எழுதிய கட்டுரை இதனிலும் பயனுடையது. போர்முனையில் நின்ற அரச அலுவலரை அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். இரு எசமானருக்கும் பதில்சொல்லிக்கொண்டு, இருவருக்கும் முழுதும் பணியாமல், கோப்பை மூடாமல் காத்தவர் அவ்வலுவலர். கச்சேரியின் தொடர்ச்சியை விளக்குவதற்கு அரசியல் தத்துவத்தைவிட அம்மனிதரின் நாளாந்த நடைமுறையே உதவுகின்றது.

2009 ஜனவரி இறுதியில் விசுவமடு இராணுவத்தின் கையிற் சென்றது. அதற்கு முன்னரே மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்திருந்தனர். அவர் திரும்பி வந்தபோது உத்தரவுப்பத்திரம் தொலைத்தவர் பலர். பத்திரத்திற் பெயர் கண்ட கணவனை இழந்த பெண்டிர் பலர். காணி எவருடையது என்னும் வினா முன்னெப்போதினும் கடுமையாயிற்று. விடை கூறும் படிகளும் பெருகின: பிரதேச செயலாளர், மாகாணக் காணி ஆணையாளர், கொழும்பிலுள்ள காணி ஆணையாளர் நாயகம், வனத் திணைக்களம், படைமுகாம். பதின்மூன்றாவது திருத்தம் கூறிய தேசியக் காணி ஆணைக்குழுவோ 1987இன் பின் பல பதிற்றாண்டு கடந்தும் அமைக்கப்படவில்லை. 2013 செப்டெம்பர் 21இல் வடமாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. அதே மாதம் உயர் நீதிமன்றம் அரச காணி பற்றிய அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. சபை பிறந்த மாதத்திலேயே அதன் நிலம் அதனிடமிருந்து நீங்கிற்று என்று கூறுவது மிகையாகாது.

கீழ்ப்படியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. போர்க்காலத்தில் புதுக்குடியிருப்பிற் சபைத் தேர்தல் இல்லை. 2011இல் வடமாகாணத்தின் பிற சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் புதுக்குடியிருப்புக்கும் கரைதுறைப்பற்றுக்கும் அது பின்போடப்பட்டது. 2018 பெப்ரவரி 10ஆம் நாளே விசுவமடுவார் தம் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். சட்டம் பிறந்த ஆண்டிற் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது.

அதே ஆண்டு ஜூனில் நிகழ்ந்தது ஒன்றை உள்ளூராட்சி ஆராய்ச்சி மறத்தற்கில்லை. போருக்குப் பின் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் விசுவமடு முதலிய இடங்களிற் பண்ணைகள் அமைத்து, ஊரார் பலருக்கும் முன்னாட் போராளிகளுக்கும் மாதச் சம்பளம் கொடுத்து வேலை வழங்கியது. முன்பள்ளி ஆசிரியைகளும் அதன் சம்பளப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். அப்பண்ணையின் பொறுப்பிலிருந்த இராணுவ அதிகாரி ஒருவர் இடமாற்றம் பெற்றபோது ஊரார் மாலையிட்டு, தோளிற் சுமந்து, கண்ணீரோடு வழியனுப்பினர். அப்படங்கள் நாடெங்கும் பரவின. தென்னிலங்கையிற் சிலர் அதனை நல்லிணக்கத்தின் சான்று என்றனர். வடக்கிற் சிலர் அதனைத் தன்மான இழப்பு என்றனர். இரு கூற்றும் அம்மக்களைப் படமாகப் பார்த்தனவேயன்றி ஆட்சிக்குட்பட்டோராகப் பார்க்கவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அவருக்கு வேலை கொடுக்கவோ காணி கொடுக்கவோ நீர் கொடுக்கவோ சட்டத்தால் இயலாதவர். மாத முடிவிற் சம்பளம் கொடுத்தவர் வேறொருவர்; அவரைத் தெரிவுசெய்யவோ நீக்கவோ அம்மக்களுக்கு உரிமை இல்லை. முன்பு உத்தரவுப்பத்திரம் கொடுத்த காணி அலுவலர் நின்ற இடத்தில், அரை நூற்றாண்டின் பின், சீருடை அணிந்த ஒருவர் நின்றார். கொடுப்பவனிடம் அன்பு கொள்வது மனித இயல்பு. அவ்வன்பைக் கேலி செய்பவர் அம்மாதச் சம்பளத்துக்கு மாற்று எதுவும் கொண்டுவந்தவர் அல்லர். ஆயின் அவ்வன்பையே ஆட்சியின் நற்சான்றாகக் காட்டுவது, ஃபார்மர் கண்ட அத்தந்தைமையை மீண்டும் அரியணையேற்றுவதாகும்.

பல படி ஆட்சி பற்றி அண்மையில் எழுந்த அறிக்கைகளும் கட்டுரைகளும் 2018ஆம் ஆண்டுத் தேர்தலை வட்டாரமுறை, விகிதாசாரம், பெண்டிர்க்கு நூற்றுக்கு இருபத்தைந்து ஒதுக்கீடு என்னும் தலைப்புகளில் ஆராய்கின்றன. அவை வேண்டுவனவே, பெண்டிர் ஒதுக்கீடு சபை மேசைக்கு முன்னர் வராத பலரைக் கொண்டுவந்தது. ஆனால் பாதுகாப்பு அமைச்சின் பண்ணை அவ்வறிக்கைகளின் அட்டவணையில் எந்தப் படியிலும் இடம்பெறுவதில்லை. அது மாகாணமன்று, மாவட்டமன்று, பிரதேசமன்று. படிகளின் பெயர் கொண்டு ஆட்சியைத் தேடுவோர்க்கு, பெயரில்லாத படியில் நிற்கும் ஆட்சி கட்புலனாகாதது இயல்பே.

அச்சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லையெனத் தள்ளப்பட்டது. 2025 மே 6ஆம் நாளே மக்கள் மீண்டும் வாக்களித்தனர். இடைப்பட்ட காலத்திற் செயலாளர் ஒருவரே சபையின் பணிகளை நடத்தினார். மாகாண சபையும் 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்து, அதன்பின் நெடுங்காலம் ஆளுநர் கையில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட படிகள் இரண்டும் ஒருங்கே வெறுமையாயிருந்த அவ்விரண்டு ஆண்டுகளில் விசுவமடுவின் ஆட்சி நின்றுபோயிற்றா என்பது நல்ல ஆராய்ச்சிப் பொருள். உரமானியப் பட்டியல் கமநல சேவை நிலையத்தில் இருந்தது. உத்தரவுப்பத்திரப் பேரேடு பிரதேச செயலகத்தில் இருந்தது. சபையின் வரி இடாப்பு வேறோர் அலுமாரியில் இருந்தது. ஒரே வீட்டாரின் பெயர் ஒன்றில் கணவன் பெயராலும், மற்றொன்றில் இறந்த மாமனார் பெயராலும், இன்னொன்றில் மனைவியின் பெயராலும் எழுதப்பட்டிருத்தல் கூடும். அம்மூன்று ஏடுகளையும் ஒரு மேசைமேல் அருகருகே விரித்து, ஒரு வீட்டின் பெயரை மூன்றிலும் தேடிப் படிக்கும் நூல் மேலே ஆராய்ந்தவற்றுள் ஒன்றேனும் இல்லை. லூயிஸ் 1895இல் தொகுத்த வன்னிக் கைந்நூல், குடியேற்ற அதிகாரி ஒருவரின் பார்வையிலாயினும், குளத்தையும் குடியையும் இறையையும் ஒரே கட்டிடத்தினுள் வைத்துப் பார்த்தது.